எதிர்வீட்டுச் சிரிப்பு

எழுத்தாளரின் முதல் நாவல் கடைக்கு வந்த காலையில் அவர் வீட்டு மாடிப்படி காணாமல் போயிருந்தது. இடிந்து விழவில்லை, யாரும் பெயர்த்துக்கொண்டு போகவும் இல்லை. முந்தின நாள் இருந்தது, அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். நாவலில் அந்தப் படி ஓர் அத்தியாயம் முழுக்க வருகிறது. கைப்பிடியில் வார்னிஷ் உரிந்த இடம், நடுவில் ஒரு படி மட்டும் முனகுவது, மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொள்வது எல்லாம் எழுதியிருந்தார். வாசித்தவர்கள் தாங்களே ஏறி இறங்கியதுபோல் இருந்தது என்று புகழ்ந்தார்கள். வீட்டுக்காரர்களுக்குத்தான் ஏறவும் இறங்கவும் வழியில்லாமல் போனது. அவர் மனைவி பல் வைத்தியர். கிளினிக்கில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, அவர் மாடி ஜன்னலில் நின்று தெருவில் போன பெயின்டரிடம் ஏணி கேட்க வேண்டியிருந்தது. பிறகு இரும்பு ஏணி ஒன்றை வாங்கிச் சுவரோடு சேர்த்து அடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது நாவலில் அவர் தன் அம்மாவின் குரலை எழுதினார். அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தார். புத்தகம் வந்த பிறகு அவர் பேசினால் ரயில் நிலைய அறிவிப்புபோல் இருந்தது. மூன்றாவது நாவலோடு மழையின் வாசனை போயிற்று. மற்ற வீடுகளில் மண்வாசனை தூக்கும்போது அந்த வீட்டில் மட்டும் வெறும் தண்ணீர் விழும். நான்காவதில் நாயின் குரைப்பு. நாய் அதற்குப் பிறகும் பல வருடம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, திருடனுக்கே பாவமாக இருந்திருக்கும். தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. தன்னுடையதை எடுத்து எழுதினால் தன் வீட்டில் குறையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். இரண்டு தெரு தள்ளி ஒரு கவிஞர் இருந்தார், அறுபது தொகுப்பு போட்டவர். அவர் வீட்டில் இதுவரை ஒரு ஸ்பூன்கூடக் குறைந்ததில்லை.

எழுத்தாளருக்கு ஒரே பையன். எட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து, சாதாரணக் காய்ச்சல் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். அவன் உடைகளைக் கொடுத்துவிட்டார்கள், கட்டிலைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் சிரிப்பு குளியலறையில் தங்கிவிட்டது. குளிக்கும்போது தலையில் முதல் குவளைத் தண்ணீர் விழுந்ததும் சிரிக்கிற பையன் அவன். மெல்லியதாகத் தொடங்கி, மூச்சு வாங்கி, ஒரு சின்ன விக்கலில் போய் முடியும். அவன் போன பிறகும் வாளியிலிருந்து முதல் குவளையை எடுத்துத் தரையில் ஊற்றினால் அந்தச் சிரிப்பு அப்படியே வரும். இரண்டாவது குவளைக்கு வராது. அவன் அம்மாதான் தினமும் காலையில் முதலில் போவார். ஒரு குவளை ஊற்றுவார், விக்கல் வரும்வரை நிற்பார், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஊராரின் பல்லைப் பிடுங்கக் கிளம்பிவிடுவார். எழுத்தாளர் கதவுக்கு வெளியே துண்டோடு நின்று கேட்பார். அந்த வீட்டில் மிச்சமிருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

எழுத்தாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எதை எழுத எடுத்தாலும் பேனா சுற்றிச் சுற்றி அந்தக் குளியலறைக் கதவில் வந்து நின்றது. எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? பதிப்பாளர் விடவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர், மூன்றாவது வருடமும் அதே முகத்தோடு வந்து, "அந்தப் புத்தகத்தை எழுதுங்க சார். ஊரே காத்துக்கிட்டிருக்கு" என்றார். பல் வைத்தியர் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைத்தார். பதிப்பாளர் போன பிறகு கணவரிடம், எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், வீட்டுக் கூரையை எழுதுங்கள், என்னையே எழுதுங்கள், அதை மட்டும் தொடாதீர்கள் என்றார். அப்படியே பல வருடம் ஓடியது. எழுத்தாளர் மற்றவர்களின் புத்தகங்களுக்கு முன்னுரை எழுதி, விழாக்களில் கடைசிக்கு முந்தின ஆளாகப் பேசி, மெல்ல மெல்ல ஒரு சால்வையாக மாறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்தது. வந்த வேகத்தில் கவிஞர் மாதம் நாலு தொகுப்பு போடத் தொடங்கினார். எழுத்தாளர் முதலில் மேடை மேடையாகத் திட்டினார். பிறகு மேடைகளில் திட்டுவது குறைந்தது. பிறகு ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு முன் கணினியில் உட்கார்ந்து, கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரைப் பற்றி நாவல் வேண்டும் என்று கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் நாவல் இருந்தது. மோசமும் இல்லை. கதாநாயகன் வேலை செய்யும்போது முணுமுணுக்கிற ஒரு பாட்டு மனதை என்னவோ செய்தது. அங்கங்கே திருத்தி, தன் பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுத்தார். புத்தகம் வந்த காலையில் கணவனும் மனைவியும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஏணி இருந்தது, திரைச்சீலையின் நிறம் இருந்தது, காப்பி வாசனை இருந்தது, குளியலறையில் சிரிப்பு இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எழுத்தாளருக்கு. இத்தனை வருடம் எழுத்துக்கு விலை உண்டு என்று நம்பி வீட்டை மொட்டையடித்துக்கொண்டோமே என்று தன்னைத் தானே நொந்துகொண்டார். தெருமுனைத் தையல்காரர் மெஷின் மிதிக்கும்போது முணுமுணுக்கும் பாட்டு அந்த வாரம் நின்றுபோனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்துத் தேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது அந்தப் புத்தகம்தான் என்று எழுத்தாளர் முடிவு செய்தபோது, மனைவி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ஒரு வாரம் போனது. பிறகு, "அவன் பேரைக்கூட அதுகிட்ட சொல்லக் கூடாது. அவன் எப்படிச் சிரிப்பான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றார்.

"எதுக்குச் சொல்றேன்? அதுக்கு ஆயிரம் பையனைத் தெரியும். அதுவே ஒரு சிரிப்பைக் கொண்டுவரட்டும்" என்றார் எழுத்தாளர்.

அப்படியே செய்தார். எட்டு வயதுப் பையன், குளியலறை, சிரிப்பு, பிறகு மரணம். அவ்வளவுதான் கொடுத்தார். நாவல் வந்தது. தேசம் அழுதது என்று பதிப்பாளர் விளம்பரம் செய்தார், அது பாதி உண்மை. விமர்சகர்கள் எல்லாரும் அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தைத் திருப்பினால் காதில் விழுகிறது என்றார்கள். ஒரு குழந்தைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதனை ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார். பரிசும் கிடைத்தது. பரிசு வாங்கிய மறுநாள் காலையில் பல் வைத்தியர் குவளையை ஊற்றினார். சிரிப்பு வந்தது, விக்கல் வந்தது. கதவுக்கு வெளியே எழுத்தாளர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கு நன்றி சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். ஆள் கனம், மீசை அதைவிடக் கனம். அவர் சிரித்தால் தெருவில் காக்கை பறக்கும். அதனால் அவரை நாங்கள் ஹாரன் என்றுதான் கூப்பிடுவோம். சிரித்து முடித்ததும் தொடையில் ஓங்கித் தட்டி, மூக்கைத் துடைத்து, "அய்யய்யோ, முடியலப்பா" என்பார். அவர் மனைவி கணக்கு டீச்சர், பேச்சில் மிச்சம் மீதி வைக்காதவர். அவர் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அந்தச் சிரிப்பைத் தவிர வேறு காரணம் இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நாவல் வெளிவந்த நாளிலிருந்து ஹாரன் சிரிக்கவில்லை. சிரிப்பு வர வேண்டிய நேரத்தில் வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, மூச்சு அடைத்து முகம் நீலம் பாரிக்கும். முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பின்சீட்டில் பள்ளிப் பிள்ளைகள் என்னவோ வேடிக்கையாகப் பேச, மூச்சு முட்டி, பஸ் நடைபாதையில் ஏறி ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட்டு நின்றது. டெப்போவில் விடுப்பில் போகச் சொன்னார்கள். வீட்டில் டீச்சர் தொலைக்காட்சியை மூடிவைத்தார், வேடிக்கையாகப் பேசும் மைத்துனனை வராதே என்றார், செய்தித்தாளில் கேலிச்சித்திரத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தார். ஒரு ஜோக் போதும், அவர் செத்துப்போக.

டீச்சர் நாவலை ஆறுதலுக்காகத்தான் வாங்கினார். ஊரே அழுகிறதே, நாமும் கொஞ்சம் அழலாம் என்று. படித்து முடித்த கையோடு தெருவைக் கடந்து வந்தார். பக்கங்களில் விடைத்தாள் திருத்துவதுபோல் சிவப்பு மையில் சுழித்திருந்தது.

"சார், இந்தப் பையன் சிரிச்சு முடிச்சதும் தொடையில ஓங்கித் தட்டறான். அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு 'அய்யய்யோ, முடியலப்பா'ங்கறான். எட்டு வயசுப் பையன் இப்படியா சிரிப்பான்? இது எங்க வீட்டுக்காரர் சிரிப்பு."

"நான் எடுக்கலைங்க. கேட்டேன், அது கொடுத்துச்சு."

"விடையை மட்டும் எழுதி வச்சா நான் மார்க் போடறதில்லை. வழி காட்டணும். இது எந்த வழியா உங்ககிட்ட வந்துச்சுன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்."

ஏஐ உலகம் முழுக்கத் தேடி இதுதான் நல்ல சிரிப்பு என்று எடுத்ததோ, பக்கத்தில் இருக்கிறதே என்று எடுத்ததோ, எழுத்தாளருக்கு எப்படித் தெரியும்? டீச்சர் போன பிறகு கணினியைத் திறந்து, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். அது மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்டது. சிரமத்துக்கு வருந்துவதாகவும், வேண்டுமானால் இன்னும் பத்து வகைச் சிரிப்பு எழுதித் தருவதாகவும் சொன்னது. எழுத்தாளர் பயந்துபோய் மின்இணைப்பையே பிடுங்கிவிட்டார். அந்தப் பத்தும் எந்தெந்த வீட்டிலிருந்து வருமோ! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இத்தனை நாள் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்தது என்பதற்காக உடனே நல்லவராகிவிடவில்லை. மனைவியிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆனால் ஹாரன் தாடை வலி என்று பல் வைத்தியரிடமே போய்ச் சேர்ந்தார். நாற்காலியில் சாய்த்து விளக்கடித்துப் பார்த்தால் பல் எல்லாம் கல் மாதிரி இருந்தது. வாயைத் திறந்து திறந்து ஒன்றும் வராமல் மூடியதில்தான் தாடை வலி. அந்த நேரம் பார்த்து உதவியாளப் பெண் உள்ளே வந்து, வெளியே ஒருத்தர் பல்செட்டைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டுப் பல்லைக் காணோம் என்று எல்லாரையும் சந்தேகப்படுகிறார் என்று சொன்னாள். ஹாரனின் வயிறு குலுங்கியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. முகம் நீலமாகி, கண் செருகி, கால் நாற்காலியை உதைத்தது. இரண்டு பேரும் குப்புறத் திருப்பி முதுகில் அடித்து மூச்சைக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூச்சு வந்ததும் அந்தப் பெரிய மனிதர், "நல்ல ஜோக்கும்மா" என்று உதவியாளப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அழுதார். கூட வந்திருந்த டீச்சர் பல் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள் காலை பல் வைத்தியர் குளியலறைக்குள் போனார். குவளை ஊற்றும் சத்தம் கேட்கவில்லை. எழுத்தாளர் துண்டோடு வெகுநேரம் நின்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு மனைவி வெளியே வந்தார், முகம் காய்ந்திருந்தது.

"ஏஐகிட்ட எழுத வச்சா யாருக்கும் நஷ்டமில்லைன்னு சொன்னீங்க."

"நம்ம வீட்டுல ஒண்ணும் போகலையே."

"ஆமா. நம்ம வீட்டுல போகலை" என்றார் பல் வைத்தியர். "தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. எனக்குத் தெரியாதா? ஒரு சிரிப்பு இல்லாம ஒரு வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கையால எழுதுங்க. நம்ம பையனை வச்சே எழுதுங்க. அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு இதைப் போடச் சொல்லுங்க. எதிர்வீட்டுக்காரர் சிரிப்பு அவர்கிட்ட திரும்பிப் போகட்டும்."

"எழுதினா இது போயிடும்."

"தெரிஞ்சுதான் சொல்றேன். நான் மனசு மாறறதுக்குள்ள உட்காருங்க."

எழுத்தாளர் உட்கார்ந்தார். நாவலுக்கென்றே வைத்திருந்த பேனா, ஒன்பது வருடம் தொடாததில் மை உறைந்திருந்தது, வெந்நீரில் போட்டு எடுத்தார். இந்தத் தடவை புத்தகம் அச்சாகும்வரை எதுவும் காத்திருக்கவில்லை. முதல் அத்தியாயம் எழுதியபோதே கதவு நிலையில் பையனின் உயரத்தைக் குறித்து வைத்திருந்த பென்சில் கோடுகள் மறைந்தன. இரண்டாவதோடு அவன் செருப்பு வைக்கும் மூலையில் இருந்த தேய்ந்த தடம் போனது. சிரிப்பு தினமும் கொஞ்சம் குட்டையானது. முதலில் மூச்சு வாங்குவது போயிற்று, பிறகு நடுப்பகுதி. பல் வைத்தியர் விடாமல் தினமும் போய்க் குவளையை ஊற்றி, இருப்பதைக் கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் விக்கல் மட்டும் மிஞ்சியது. எழுத்தாளருக்குப் புத்தகத்தை முடிக்க மனம் வரவில்லை. முற்றுப்புள்ளி வைப்பதற்குப் பதில் கமா போட்டுக்கொண்டே போனார், கடைசி வாக்கியம் நாலு பக்கம் ஓடியது. மனைவி பின்னால் வந்து நின்று படித்தார். "போதும், விட்டுடுங்க" என்று சொல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் புள்ளி வைத்தார். இருவரும் எழுந்து போய்க் குவளையை ஊற்றினார்கள். தண்ணீர் ஓடிப்போய்ச் சாக்கடைத் துளையில் இறங்கும் சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை ஒரே மூச்சில் படித்துவிட்டுக் குழப்பத்தோடு கூப்பிட்டார். "பையன் சிரிச்சான்னு எழுதியிருக்கு சார். ஆனா சிரிக்கவே மாட்டேங்கறானே" என்றார். எழுத்தாளர் எடுத்துப் பார்த்தார். உண்மைதான். வார்த்தைகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகம் அச்சேறவில்லை. பழைய புத்தகத்தையும் திரும்பப் பெற முடியவில்லை. அது ஆயிரக்கணக்கான வீடுகளில் அலமாரிகளில் இருந்தது, ஹாரனின் சிரிப்பு அதற்குள் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பையனின் சிரிப்பு புத்தகத்துக்குள் போகாமல் எங்கே போயிற்று என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே வீடு முழுக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். ஹாரன் பார்த்துவிட்டார். வயிறு குலுங்கியது. டீச்சர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடும்போது பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. மெல்லியதாகத் தொடங்கி, மூச்சு வாங்கி, ஒரு சின்ன விக்கலில் முடிந்தது. அத்தனை பெரிய மீசைக்குக் கீழேயிருந்து ஒரு எட்டு வயதுப் பையன் சிரித்தான். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. வெற்றிடம் இருக்கும் பக்கம்தான் தண்ணீர் ஓடும் என்று பிறகு சிலர் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சொல்ல எப்போதும் சிலர் இருப்பார்கள். பல் வைத்தியர் வெறுங்காலோடு தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்றார். டீச்சர் அவரைப் பார்த்து, "டாக்டர், இது இவர் சிரிப்பு இல்ல" என்றார். "தெரியும்" என்றார் பல் வைத்தியர். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், ஒவ்வொருவரும் தன் தன் சிரிப்புக்காக. ஹாரன் ஒன்றும் புரியாமல் தன் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வருடங்கள் போய்விட்டன. தையல்காரர் ஒரு ரேடியோ வாங்கிக்கொண்டார். டீச்சர் அந்த நாவலைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார், கணவர் வேலைக்குப் போன பிறகு சிவப்பு மையில் சுழித்த பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மூடுகிறார். எழுத்தாளர் மெதுவாக, கையால், மறுபடி எழுதுகிறார். போன வருடம் அவர் வீட்டில் சமையலறை ஜன்னல் வெளிச்சம் போனது, விளக்கு போட்டுக்கொள்கிறார்கள். கூட்டங்களில் இளைஞர்கள் அவரிடம் ஏஐ வைத்து எழுதலாமா என்று கேட்பதுண்டு. எழுதுங்கள், ஆனால் எதிர்வீட்டில் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள் என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அவர் சிரிப்பதில்லை.

ஹாரன் மறுபடி பஸ் ஓட்டுகிறார். பல் வைத்தியரின் கிளினிக் தெருக்கோடியில்தான் இருக்கிறது, நடந்தால் ஐந்து நிமிடம். இருந்தாலும் அவர் தினமும் காலையில் பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்து இறங்குகிறார். போகும்போது ஒரு ஜோக் சொல்லுவார். பல் பிடுங்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு ஜோக் சொல்லத் தெரியாது, முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார். ஹாரன் அதற்கும் சிரிப்பார். ஏறினவர்கள் குழந்தை எங்கே என்று திரும்பிப் பார்ப்பார்கள், தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் புதிதாக மாற்றலாகி வந்த கண்டக்டர் நடுவில் நின்று, "யாரோட குழந்தைங்க சிரிக்கிறது? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று சத்தம் போட்டார். ஹாரன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பல் வைத்தியர் கைப்பையைத் திறந்தார்.

"என்னோட பையன்தான். அரை டிக்கெட் ஒண்ணு கொடுங்க."

கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பல் வைத்தியர் தினமும் ஒன்றரை டிக்கெட் எடுக்கிறார்.